ரிப்பன் வெட்டிய மறுநாள்

அரசு அலுவலகங்களில் ஒரு பழைய மிரட்டல் உண்டு. "ஒழுங்கா இல்லேன்னா தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிடுவேன்!" அந்தக் காட்டுக்கு அரசிதழில் பெயர் கிடையாது. ஆனாலும் அது ராமநாதபுரம் மாவட்டம்தான் என்று கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் தெரியும். அந்த மாவட்டத்திலும் கடலாடி, முதுகுளத்தூர், கமுதி என்று உத்தரவு வந்தால் வாங்குகிறவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கும். அந்தப் பக்கம்தான் இருக்கிறது சிக்கல். சிங்காரவேலன் குடியிருக்கும் நாகப்பட்டினத்துச் சிக்கல் வேறு. இது கடலாடி வட்டத்துச் சிக்கல். முருகனைத் தேடி இங்கே யாரும் வருவதில்லை. மிளகாய்க்கும் கரிக்கும் உப்புக்கும் வருவார்கள்.

இப்போது மின்சாரத்துக்கும் வருகிறார்கள்.

சிக்கல் பஸ் நிறுத்தத்தில் நின்று திசைக்கொன்றாகக் கையை நீட்டலாம். தெற்கே வாலிநோக்கம், கடலை ஒட்டி அரசு உப்பளம். தென்மேற்கே நரிப்பையூர், கடல்நீரைக் குடிநீராக்க 1990களின் இறுதியில் அமைத்த ஆலை. வடமேற்கே கமுதி, 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். வடகிழக்கே ராமநாதபுரத்தைத் தாண்டினால் வழுதூர். இந்த மாவட்டத்து மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் எரிவாயுவிலேயே ஓடும் மின் நிலையம், இரண்டு அலகும் சேர்ந்து சுமார் 187 மெகாவாட். மேற்கே கொஞ்சம் போனால் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம். மழை பெய்து கண்மாய் நிறைந்த வருஷம் கூழைக்கடாவும் நாரையும் கருவேல மரங்களில் வந்து கூடு கட்டும். பெய்யாத வருஷம் கண்மாய்க்குள் ஆடு மேயும்.

எரிசக்தி, சுற்றுச்சூழல் துறைத் தலைவர்கள் என்று பத்திரிகைகள் அட்டையில் போடுகிற முகங்கள் ஒரு மாதிரியானவை. பின்னால் காற்றாலை, முன்னால் கோட் சூட், பக்கத்தில் ரிப்பன். எத்தனை மெகாவாட், எத்தனை ஆயிரம் கோடி, எத்தனை மாதத்தில் முடித்தார் என்று எண்களால் அளந்து எழுதுவோம். நாமும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். இந்த மண்ணில் நாலு நாள் சுற்றினால் அந்த அளவுகோல் கையைவிட்டு நழுவிவிடுகிறது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ரிப்பன் வெட்டிய மறுநாள் யார் இருந்தார்கள் என்பது.

உப்புக்குள் ஒரு பொறியியல்

வாலிநோக்கம் உப்பளம் 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தினுடையது. 'நெய்தல்' என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் உப்புப் பாக்கெட் இந்த நிறுவனத்தின் சரக்கு. வரப்பில் ஏறி நின்றால் கண்ணைத் திறக்க முடியாது. வானத்து வெயில் பாதி, பாத்தியிலிருந்து எகிறும் வெயில் பாதி. அங்கே ஒரு பெரியவர், கண்ணாடிக் குழாய் மாதிரி இருந்த ஒன்றைத் தண்ணீருக்குள் மிதக்கவிட்டு அதன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அய்யா அது என்றேன்.

"டிகிரி பாக்கேன் தம்பி. கடத்தண்ணி மூணு, மூணரை இருக்கும். பாத்தி பாத்தியா மாத்தி மாத்தி விட்டு இருபத்தஞ்சுக்குக் கொண்டாந்தா உப்புப் பூக்கும். முப்பதத் தொட விட்டுறக் கூடாது. கசந்துபோகும்."

அவர் சொன்னது பாமே அளவுகோல் என்று வேதியியல் புத்தகத்தில் இருக்கிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் இறங்கும். 25 டிகிரியில் சோற்றுப்பு இறங்கத் தொடங்கும். 29ஐத் தாண்டினால் மெக்னீசியம் உப்புகள் கூடவே வந்து கசப்பேற்றும். அதற்குள் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத கைகள் இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் உப்புக்கு நாற்பது டன்னுக்குக் குறையாமல் கடல்நீர் வற்ற வேண்டும். அதையே கொதிகலனில் மின்சாரம் போட்டு வற்றவைத்தால் இருபத்தையாயிரம் யூனிட்டுக்கு மேல் பிடிக்கும். வெயில் அதை இலவசமாகச் செய்கிறது. வரப்பு, மடை, நீர்மட்டம், டிகிரி என்று நாலு விஷயத்தைத் தினமும் யாராவது பார்த்துக்கொண்டால் போதும். இந்தக் கடற்கரையின் மூத்த சூரிய ஆற்றல் பொறியாளர் அந்தப் பெரியவர்தான் என்று சொன்னால் வெறும் புகழ்ச்சி என்று நினைப்பீர்கள். நான் கணக்கைத்தான் சொல்கிறேன். அந்தப் பாத்திக்குத் திறப்பு விழாவே நடந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் மழை வந்து வரப்பைக் கரைத்துவிட்டுப் போகும். தை பிறந்ததும் மறுபடி மண்ணை மிதித்து, தரையை இறுக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பராமரிப்பு என்று தனியாக ஒரு வேலை அங்கே இல்லை, தொழிலே அதுதான்.

கலாம் சொன்ன நான்கு லட்சம்

இந்த மாவட்டத்தில் பொறியாளர் என்று பேச்செடுத்தால் ஒரே பெயர்தான். 1931இல் ராமேஸ்வரத்தில் பிறப்பு, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. இந்த வரிசையை நம் பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் மூச்சுவிடாமல் சொல்வார்கள். ராக்கெட்டையும் பொக்ரானையும் சொல்வார்கள். அவ்வளவாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது.

2005 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்தைய மாலை உரையில், குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் முழுக்க முழுக்க எரிசக்தியைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு நாட்டின் மின் நிலையங்களின் மொத்தத் திறன் சுமார் 1,30,000 மெகாவாட். 2030க்குள் அது 4,00,000 ஆக வேண்டும் என்றார். அதில் சூரிய ஒளி 55,000, அணுசக்தி 50,000. நூற்றுக்கணக்கான மெகாவாட் அளவில் சூரியப் பண்ணைகள் வர வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் நமக்கு சோலார் என்றால் மொட்டை மாடி வெந்நீர்த் தொட்டி, இல்லாவிட்டால் கால்குலேட்டர் நெற்றியில் இருக்கும் கறுப்புப் பட்டை. குடியரசுத் தலைவர் கனவு காண்கிறார் என்று பலரும் கடந்துபோனார்கள். கனவு காணச் சொன்னவர்தானே.

கணக்கு என்ன ஆயிற்று? நான்கு லட்சம் மெகாவாட்டை நாடு 2022இலேயே தொட்டுவிட்டது. சூரிய ஒளியில் 55,000 கடந்ததும் அதே ஆண்டுதான். 2025 தொடக்கத்தில் சூரிய ஒளி மட்டும் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. அணுசக்தியோ 2025இலும் 9,000ஐத் தொடவில்லை. சூரியத் தகடு செங்கல் மாதிரி. பத்து வைத்தாலும் வீடு, பத்து லட்சம் வைத்தாலும் வீடு. அணு உலைக்கு அது பொருந்தாது. கூடங்குளத்தில் 2002இல் தொடங்கிய முதல் உலை மின்கட்டமைப்போடு இணைந்தது 2013 அக்டோபரில்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. மெகாவாட் என்பது ஏக்கர். யூனிட் என்பதுதான் மூட்டை. நூறு ஏக்கர் இருக்கிறது என்றால் நூறு ஏக்கரும் விளைந்தது என்று அர்த்தமில்லை. இரவில் சூரிய மின் நிலையம் சும்மா கிடக்கும் நிலம்.

கலாமின் வாழ்க்கையில் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது வேறொரு வருஷம். 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி-3இன் முதல் ஏவுதல். திட்ட இயக்குநர் அவர். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்களை எதிர்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பழியைத் தான் வாங்கிக்கொண்டார். 1980 ஜூலை 18இல் வெற்றி பெற்றபோது, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். இந்தக் கதையைத் தலைமைப் பண்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள், சரிதான். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது இரண்டு தேதிகளுக்கும் நடுவே இருக்கும் பதினோரு மாதம். கடலில் விழுந்த பிறகு எங்கே கசிந்தது, எந்த வால்வு என்று ஒவ்வொன்றாகத் தேடிய மாதங்கள். அந்த மாதங்களைப் பற்றி யாரும் பேச்சுப் போட்டியில் பேசுவதில்லை.

எட்டாயிரத்து ஐநூறு பேர்

கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மறைந்தார். அதே ஜூலை மாதம்தான் கமுதி சூரிய மின் நிலையத்துக்காக அதானி குழுமமும் அன்றைய தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. யூனிட் ரூ.7.01. அவர் சொன்ன 'நூற்றுக்கணக்கான மெகாவாட் பண்ணை' அவருடைய மாவட்டத்திலேயே, அவர் பார்க்காமல், 2016 செப்டம்பரில் எழுந்து நின்றது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள், கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர் கேபிள், ரூ.4,550 கோடி. எட்டு மாதத்தில் முடிந்தது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்று வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் நிலையம் அமைந்த செங்கப்படைக்குத் தேடி வந்தன. அடுத்த வருஷமே, 2017 மே மாதம், ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் ரூ.2.44க்கு இறங்கியது. ஏழு ரூபாய் எங்கே, இரண்டரை ரூபாய் எங்கே! ஒரு துறை எவ்வளவு வேகமாக மலிந்தது என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும். மின்வாரியக் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

கட்டும்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 8,500 பேர். கட்டி முடித்த பிறகு சூரிய மின் நிலையத்துக்கு அத்தனை பேர் எதற்கு? தகடுகளைத் துடைக்க ரோபோக்கள் இருக்கின்றன. தங்கள் தலையில் இருக்கும் சின்னத் தகட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடித் துடைக்கின்றன. தூசி என்பது சின்ன விஷயமில்லை. மழையில்லாத மாதங்களில் கமுதிப் புழுதி தகட்டில் படிந்தால் அன்றைய விளைச்சலில் கை வைத்துவிடும்.

வெயில் அதிகமானால் மின்சாரம் அதிகம் என்பதும் பாதி உண்மைதான். சிலிக்கான் தகட்டுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். சித்திரை மத்தியானம் தகட்டின் முதுகு 60 டிகிரிக்குப் போனால் நூறுக்குப் பதினாலு அங்கேயே போயிற்று. அதற்கு மேல் வருஷத்துக்கு அரை சதவீதம் வயதால் தேயும். ஒப்பந்தமோ 25 வருஷத்துக்கு. வருஷம் முழுவதும் சராசரியாகத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கிறது என்று வைத்தால் 648 மெகாவாட்டுக்கு 110 கோடி யூனிட்டுக்கு மேல் வரும். அதில் ஒரு சதவீதம் கவனக்குறைவால் போனாலும் ஒரு கோடி யூனிட். அந்த ஒரு சதவீதத்தைக் காப்பாற்றுகிறவர் யாரோ அவர்தான் அந்த நிலையத்தின் உண்மையான தலைவர். அவர் பெயர் கல்வெட்டில் இருக்காது. கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்து, எந்த வரிசையில் எந்த இணைப்பு மந்தமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, தொப்பியை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்குகிற டிப்ளமா படித்த பையனாகவோ பெண்ணாகவோ இருக்கலாம்.

துரு

கடற்கரைக்கு ஒரு நிரந்தர எதிரி உண்டு. பாம்பன் காற்று இரும்பைத் தின்பதில் அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடி என்று ரயில்வேக்காரர்கள் சொல்வார்கள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் கதை உண்மையில் பெயின்ட் அடித்தவர்களின் கதை. சுரண்டுவது, அடிப்பது, மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்த முனை துருப்பிடிப்பது. 1964 டிசம்பர் புயலில் பாலம் சிதைந்தபோது அதை 46 நாளில் மீட்டுக் கொடுத்த இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று நாடறிந்த பெயரானவர். கவனியுங்கள், அவருடைய முதல் புகழ் புதிதாகக் கட்டியதற்கு அல்ல, உடைந்ததைச் சரிசெய்ததற்கு. பழைய பாலம் 2022 டிசம்பரில் ஓய்வுபெற்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்துக்குத் துருவைத் தாங்கும் பாலிசிலோக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். சுரண்டும் வேலை கொஞ்ச காலத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் துருவைப் படிக்கவே பக்கத்தில் ஒரு கல்விக்கூடம் இருக்கிறது என்பது இங்குள்ள பல பெற்றோருக்குத் தெரியாது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், செக்ரி. 1948இல் அடிக்கல் நாட்டியவர் நேரு. மண்டபம் முகாமில் இவர்களுக்கு உலோகங்களைக் கடற்காற்றில் காயவைத்து அரிமானம் பார்க்கும் நிலையம் உண்டு. அரிமானமும் பேட்டரியும் ஒரே வேதியியலின் இரண்டு முகங்கள். ஒன்று வேண்டாத இடத்தில் நடக்கும் மின்வேதி வினை, மற்றது வேண்டிய இடத்தில். இரவுக்கு வெயிலைச் சேமிக்க பேட்டரி வேண்டியிருக்கும் இன்றைய நிலைமையில், அங்கே நடத்தும் நான்கு வருட பி.டெக். வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் படிப்பு தங்கச் சுரங்கம். காரைக்குடி இங்கிருந்து அடுத்த மாவட்டம்தான்.

நரிப்பையூர் ஆலையையும் இந்தத் துருவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பெல் நிறுவனம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்காக அமைத்தது. நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திட்டம். கடல்நீரை 55, 60 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் மெல்லிய சவ்வுக்குள் திணித்தால் உப்பு அந்தப் பக்கம் நிற்கும், தண்ணீர் இந்தப் பக்கம் வரும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போகும். இப்படிப்பட்ட ஆலையில் சவ்வு சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, பம்ப் உப்பில் ஊறி அரிவது, சிப்பியும் பாசியும் குழாயை அடைப்பது எல்லாம் அன்றாடம். மாற்ற வேண்டிய பாகம் வரும்வரை தண்ணீர் காத்திருக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பின்னால் வந்தது. இன்றைக்கும் கோடையில் சிக்கல் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் நாலைந்து குடம் வைக்கும் தள்ளுவண்டியோடு போவதைப் பார்க்கலாம். அந்த வண்டியைக் கவனித்திருக்கிறீர்களா? கோண இரும்புச் சட்டம், குடம் சாயாமல் இருக்க வளையம், சின்ன ரப்பர் சக்கரம். உள்ளூர் வெல்டிங் பட்டறைகளின் படைப்பு. வடிவமைத்தவர் பெயர் தெரியாது. சக்கரம் ஆடினால் அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போய்விடும்.

தரிசு என்று எழுதிய கை

வெளியூர்ப் பொறியாளர் கண்ணுக்கு இந்த மண் காலி மனை. பதிவேட்டில் 'தரிசு' என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

ஆட்டுக்கிடை மறித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கீதாரிகள் இருக்கிறார்கள். மழைக்கு மட்டும் உயிர்வந்து கண்மாய்க்கு ஓடும் வரத்துக்கால்கள் இருக்கின்றன. வேலிக்கருவை இருக்கிறது, அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருவையைத் திட்டாத ஆள் இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய் அகற்ற உத்தரவானது. விறகுப் பஞ்சத்துக்காக அரசே கொண்டுவந்து பரப்பிய மரம் அது என்பதையும் மறக்கக் கூடாது. விளைச்சல் பொய்த்த வருஷங்களில் இந்த வட்டாரத்தில் அடுப்பெரிந்தது கரிப் பணத்தில். கட்டைகளை அடுக்கி, இலைதழை போட்டு, மண் பூசி, ஒரு துவாரத்தில் நெருப்பு வைத்து, பல நாள் காவல் இருப்பார்கள். காற்று கூடப் போனால் சாம்பல், குறைந்துபோனால் வேகாத கட்டை. புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வார்கள். தூரைத் தோண்டி எடுத்துச் சுட்ட தூர்க்கரிக்கு விலை அதிகம். அந்தப் புகைதான் அவர்கள் நுரையீரலிலும் இருக்கிறது.

சூரிய மின் நிலையங்களுக்கு ஒரு சலுகை உண்டு. 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் அவை இல்லை. ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டமும் கட்டாயமில்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை என்பதால் கொடுத்த சலுகை. ஆனால் இரண்டாயிரம் ஏக்கரில் வேலி போட்டால் வரத்துக்கால் எங்கே திரும்பும் என்ற கேள்விக்கும் புகைக்கும் சம்பந்தமில்லையே. இந்தச் சலுகை மறுபரிசீலனைக்கு உரியது என்பது என் கட்சி. பசுமை மின்சாரத்தின் மேல் உள்ள பகையால் சொல்லவில்லை. கண்மாயின் மேல் உள்ள கரிசனத்தால் சொல்கிறேன்.

கேட்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வடகிழக்கே உப்பூர் சாட்சி. 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம், பாக் நீரிணைக்குள் நீளும் பாலம், மீனவர் போராட்டம். 2021இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டது; மின்வாரியம் அந்த இடத்தையே கைவிட்டது. 2025இல் மாவட்டத்தில் 20 எண்ணெய், எரிவாயு சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி என்ற செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பி, மாநில அரசு அனுமதிக்க மாட்டோம் என்று அறிவிக்க வேண்டிவந்தது. இரண்டிலும் வரைபடத்தில் தப்பில்லாமல் இருந்திருக்கலாம். வரைபடத்தில் மனிதர்களைக் குறிக்கும் கோடு எதுவென்று தெரிந்த ஒருவர் அந்த மேஜையில் இல்லை.

அப்படி ஒருவர் இந்தச் சீமையில் இருந்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேதுபதி மன்னரின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை. மேற்கே வீணாகக் கடலுக்குப் போகும் பெரியாற்றை வைகைக்குத் திருப்ப முடியுமா என்று பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னவர். முடியும், ஆனால் பணம் இல்லை என்று அது நின்றது. நூறு வருஷம் கழித்து 1895இல் பென்னிகுவிக் கட்டிய அணை திறக்கப்பட்டது. வைகையின் கடைமடை இந்தச் சீமைதான். அதனால் ஆற்றின் தலைமடையைப் பற்றி யோசித்தவரும் இந்தச் சீமை ஆள்தான்.

கடலுக்கடியில்

தரையை விட்டுக் கொஞ்சம் கடலுக்குள் போவோம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவும் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் ஜே.கே.பேட்டர்சன் எட்வர்ட் குழுவினர் தொடர்ந்து முங்கி அளந்து, தீவு சுருங்குகிறது என்று காட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு உதவியோடு சரிவகச் செயற்கைப் பாறைகள் தீவின் கடற்பக்கம் இறக்கப்பட்டன. அலை அதில் மோதி வலுவிழக்கும், மணல் பின்னால் தங்கும், பாறையில் பவளம் ஒட்டும். ஆனால் ஒட்டியதா, வெளுத்ததா, வளர்ந்ததா என்று வருஷம் தவறாமல் முங்கிப் பார்க்க வேண்டும். கடல் வெப்பம் ஏறும் கோடைகளில் பவளம் வெளுத்துப்போவதை அந்தக் குழு 2005 முதல் பதிவு செய்துவருகிறது. ஒரே பாறையை இருபது வருஷம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது அட்டைப்படத்துக்கு ஏற்ற சாகசமாகத் தோன்றாது. அது இல்லாமல் போயிருந்தால் தீவு மூழ்கிய பிறகுதான் நமக்குச் செய்தி வந்திருக்கும்.

என்ன படிக்கலாம் என்று கேட்டால்

சாயல்குடி, சிக்கல், கடலாடிப் பள்ளிகளில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் வீட்டில் கேட்கும் கேள்விக்கு இனி வருகிறேன். துறை பெரியது, வாசல்கள் பல.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், வயர்மேன் முடித்தவர்களுக்கு தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் 'சூர்யமித்ரா' பயிற்சி இருக்கிறது. 600 மணி நேரம். பொறியியலுக்கு மாவட்டத்துக்குள்ளேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ராமநாதபுரத்தில் உண்டு. எலக்ட்ரிக்கல் எடுத்தவர்கள் ஐ.டி. கம்பெனிக்குப் போகாவிட்டால் வாழ்க்கையே இல்லை என்று நினைப்பதை நிறுத்தலாம். 2001ஆம் வருஷத்து எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி பெரிய ஆலைகளுக்கு அங்கீகாரம் பெற்ற எரிசக்தி மேலாளர் கட்டாயம். அதற்கான தேர்வை டெல்லியில் உள்ள எரிசக்தித் திறன் அமைப்பு (பி.இ.இ.) நடத்துகிறது. தணிக்கையாளர் ஆனால் சிமென்ட் ஆலை முதல் நூற்பாலை வரை உங்களைக் கூப்பிட்டு எங்கே வீணாகிறது என்று கேட்பார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. கடலுக்குள் காற்றாலைக்காகத் தமிழகக் கரைக்கு 500 மெகாவாட், குஜராத்துக்கு 500 என்று மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் நிதி ஒதுக்கியிருக்கிறது. கடலும் மின்சாரமும் இரண்டும் தெரிந்த ஆட்கள் அப்போது வேண்டும். படகில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை விட்டால் யார்? சுற்றுச்சூழல் பொறியியலோ விலங்கியலோ படித்தவர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வுகள், மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், கடற்பாசி ஆராய்ச்சி நிலையம் எல்லாம் பஸ் தூரத்தில்.

வாசல் பலவென்றாலும் மேலே ஏறும் படிக்கட்டு ஒரே மாதிரி கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் என் வருத்தம். புதிய திட்டம் கொண்டுவந்தவருக்குப் பதவி உயர்வு. பழையதைப் பத்து வருஷம் நிற்காமல் ஓட்டியவருக்கு மாற்றல். தண்ணியில்லாக் காட்டுக்கு வந்த பொறியாளர் முதல் வாரத்திலிருந்தே திரும்பிப் போகும் உத்தரவுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினால், பம்ப் எப்போது இருமுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று வருஷம் இங்கே இருந்தவருக்கு ஒரு கூடுதல் இன்கிரிமென்ட் கொடுங்கள். கல்வெட்டில் திறந்தவர் பெயருக்குக் கீழே ஓட்டியவர் பெயருக்கும் ஓர் இடம் விடுங்கள். பெரிய செலவில்லை.

கிளம்பும் அன்று சிக்கல் டீக்கடையில் ஒரு பையனைப் பார்த்தேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். காலடியில் புதுப் பெட்டி, கைப்பிடியில் ஸ்டிக்கர் இன்னும் உரிக்கவில்லை. இந்தக் கரையில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகும் சபுராளிகள் புதிதில்லை. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் வீட்டுக்கொருவர் சபுரில்தான். எங்கே தம்பி என்றேன்.

"அபுதாபி சார். சோலார் பிளான்ட்ல வேலை."

"சோலாருக்கு அவ்வளவு தூரமா? பக்கத்துலயே கமுதியில இருக்கே."

"இருக்கு சார். அங்க ரோபோதானே தொடைக்குது."

"அபுதாபியில மட்டும் கையால தொடைக்கிறாங்களா?"

சிரித்தான். "அங்கேயும் ரோபோதான் சார். அதை ரிப்பேர் பாக்கத்தான் நான் போறேன்."